பலமரம் கண்ட தச்சனுக்கு மூன்று சீட்டுகள்

ஜூலை மாதத்தில் ஆடிட்டர் அலுவலகம் எப்படி இருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தனிநபர் வருமான வரிக் கணக்குக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. நடுவில் 11ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி படிவம், 20ஆம் தேதி இன்னொன்று. நான் உதவியாளராகச் சேர்ந்த முதல் வருடம், ஜூலை பாதியில் என் மேசையில் 17 ஃபைல்கள் திறந்து கிடந்தன. ஒன்றில் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பாதிவரை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றியிருந்தேன். இன்னொன்றில் வட்டிச் சான்றிதழ் வரவில்லை. மற்றொன்றில் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு தொகை மட்டும் இடித்தது. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு எட்டரை ஆகிவிடும். ஒருநாள் மாலை சீனியர் வந்து, "இன்னிக்கு எது முடிஞ்சுதுப்பா?" என்று கேட்டார். "எல்லாமே போயிட்டிருக்கு சார்" என்றேன். "போறது தெரியுது. முடிஞ்சது எது?" என்றார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அன்று இரவு நான் மெதுவாக வேலை செய்பவன் என்று நினைத்து மிகவும் வருந்தினேன். என் வேகத்தில் பெரிய குறை இல்லை என்பதும், திறந்து வைத்திருந்த ஃபைல்களின் எண்ணிக்கைதான் சிக்கல் என்பதும் புரிய வெகுநாள் ஆயிற்று. அந்த எண்ணிக்கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அலுவலக வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

விஷயம் ஒரே வரியில் அடங்கும். ஒரே சமயத்தில் நம் கையில் இருக்கும் வேலைகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ள வேண்டும், அந்த வரம்பு நிரம்பிவிட்டால் ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடக்கூடாது. மென்பொருள் நிறுவனங்களில் இதை "விப் லிமிட்" என்பார்கள். வொர்க் இன் ப்ராக்ரஸ் என்பதன் சுருக்கம் அந்த விப். கணக்கு எழுதுபவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் கணக்கில் மரக்கட்டை ஒரு தலைப்பிலும் விற்கத் தயாரான நாற்காலி இன்னொரு தலைப்பிலும் வரும். கால் பூட்டாத நாற்காலிகள் இவை இரண்டுக்கும் நடுவே "வொர்க் இன் ப்ராக்ரஸ்" என்று நிற்கும். பணம் போட்டாகிவிட்டது, உழைப்பும் போட்டாகிவிட்டது, ஆனால் கால் இல்லாத நாற்காலியை யாரும் வாங்கமாட்டார்கள். பாதி எழுதிய அறிக்கையும் அப்படித்தான். அதில் போட்ட உழைப்பு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும், முடிகிறவரை யாருக்கும் அதனால் பயன் இல்லை.

பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான். அவன் சோம்பேறி என்று பழமொழி சொல்லவில்லை. பல மரங்களைப் பார்த்துவிட்டான், அதுதான் அவனுக்கு வந்த வினை.

இனி ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்னை முதலில் நம்பவைத்தது இந்தக் கணக்குதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே போகிறேன். மேசையில் மூன்று ஃபைல்கள் இருக்கின்றன: ஓர் அரிசி மண்டி, ஒரு மருந்துக்கடை, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. ஒவ்வொன்றுக்கும் 3 நாள் வேலை. மூன்று பேரும் போன் செய்து கேட்கிறார்கள், யாரையும் விட்டுவிட மனமில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு ஃபைல் என்று மாற்றி மாற்றிச் செய்கிறீர்கள். முதல் நாள் மண்டி, இரண்டாம் நாள் மருந்துக்கடை, மூன்றாம் நாள் ஆசிரியை, நான்காம் நாள் மறுபடி மண்டி. இப்படிச் செய்தால் மண்டி 7ஆம் நாள் முடியும், மருந்துக்கடை 8ஆம் நாள், ஆசிரியை 9ஆம் நாள்.

அதே மூன்றையும் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால்? மண்டி 3ஆம் நாள், மருந்துக்கடை 6ஆம் நாள், ஆசிரியை 9ஆம் நாள். உழைத்தது அதே 9 நாள்தான். மண்டிக்காரருக்கு 4 நாள் முன்னதாகக் கிடைத்தது, மருந்துக்கடைக்காரருக்கு 2 நாள் முன்னதாக. கடைசியில் நின்ற ஆசிரியைக்கு ஒரு நாள்கூடத் தாமதம் ஆகவில்லை, எப்படிச் செய்திருந்தாலும் அவருக்கு 9ஆம் நாள்தான். எல்லோருக்கும் நியாயமாக இருக்கிறோம் என்று நினைத்து நாம் செய்தது, இருவரை வீணாகக் காக்கவைத்ததுதான். ஒரு ஃபைலை மூடி இன்னொன்றைத் திறந்து, எங்கே விட்டோம் என்று தேடும் நேரத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் முதல் வழியில் 9 நாளுக்குள் மூன்றும் முடியாது.

வீட்டில் தோசை ஊற்றுபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டுப் பேர் பசியோடு உட்கார்ந்திருந்தாலும் கல்லில் இரண்டு தோசைக்குத்தான் இடம் என்றால் இரண்டுதான் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு நான்கு ஊற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திருப்பிப் போட முடியாமல் போகும். தோசைக்கல்லின் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறது, நம் தலைக்குள் இருக்கும் கல்லின் விளிம்பு தெரிவதில்லை. அதனால் யார் எதைக் கொடுத்தாலும் "சரி, செய்துடலாம்" என்று ஊற்றிக்கொண்டே போகிறோம்.

விளிம்பைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தவர் தாய்ச்சி ஓனோ என்ற ஜப்பானியர். 1912இல் பிறந்தவர். 1932இல் டொயோடா குடும்பத்தின் நெசவு ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, 1943இல் அவர்களுடைய கார் நிறுவனமான டொயோட்டாவுக்கு மாறினார். போருக்குப் பிறகு அந்த நிறுவனம் பணமுடையில் தவித்தது. 1950இல் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் என்று நிலைமை முற்றி, நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். விற்காத காரையும் பொருத்தாத உதிரிப் பாகத்தையும் அடுக்கிவைக்க அவர்களிடம் காசு இல்லை. அந்தச் சூழலில் ஓனோவுக்குக் கைகொடுத்தது அமெரிக்க சூப்பர் மார்க்கெட். அங்கே அலமாரியில் வாடிக்கையாளர் எவ்வளவு எடுக்கிறாரோ அவ்வளவுதான் திரும்ப அடுக்குவார்கள். தொழிற்சாலையையும் இப்படி நடத்தினால் என்ன என்று அவர் யோசித்தார்.

அவர் கொண்டுவந்த ஏற்பாட்டின் பெயர் கான்பன். ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்று பொருள். டொயோட்டாவில் அது ஓர் அட்டை. உதிரிப் பாகங்கள் உள்ள ஒவ்வொரு பெட்டியோடும் ஓர் அட்டை இருக்கும். அடுத்த பிரிவு அந்தப் பாகங்களை எடுக்கும்போது அட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பி வரும். அட்டை வந்தால்தான் அடுத்த பெட்டிக்குப் பாகம் செய்யலாம், வராவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். ஆக, மொத்தம் எத்தனை அட்டைகளோ அத்தனை பெட்டிகளுக்கு மேல் தொழிற்சாலைக்குள் தேங்க வழியே இல்லை. பின்னாளில் மென்பொருள் குழுக்கள் இதே யோசனையைச் சுவரில் ஒட்டும் சீட்டுகளாக மாற்றிக்கொண்டன. அங்கிருந்துதான் தனி ஆளின் மேசைக்கும் அது வந்தது.

இதற்குக் கணித வடிவமும் உண்டு. 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர், வரிசையில் காத்திருப்பது பற்றிய ஒரு சூத்திரத்தை நிரூபித்தார். அவர் பெயராலேயே அதை லிட்டில் விதி என்கிறார்கள். நம் வேலைக்கு ஏற்றபடி சொன்னால் இப்படி வரும்: கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடிக்கும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் நம்மிடம் கிடக்கும் என்று தெரிந்துவிடும். வாரத்துக்கு 5 முடிக்கிறீர்கள், கையில் 20 இருக்கிறது என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக 4 வாரம் கிடக்கும். கையில் 10 மட்டும் வைத்துக்கொண்டு அதே 5ஐ முடித்தால் 2 வாரம். வேகத்தை இரண்டு மடங்காக்குவது யாராலும் எளிதில் முடியாது. திறந்து கிடப்பதைப் பாதியாக்குவது நம் கையில்தான் இருக்கிறது. இது நீண்ட நாள் சராசரிக்கான கணக்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், ஒரே ஒரு வாரத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தால் ஏமாற்றம்தான் வரும்.

மனதின் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பார்க்கலாம். பெர்லினில் உளவியல் படித்த பிளூமா ஜைகார்னிக், 1927இல் வெளியிட்ட ஆய்வில் முடித்த வேலைகளைவிட நடுவில் நிறுத்தப்பட்ட வேலைகளே நன்றாக நினைவில் நிற்கின்றன என்று கண்டார். பிறகு வந்த சோதனைகள் எல்லாமே அதை உறுதிசெய்யவில்லை, எனவே அதைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கமாட்டேன். அதைவிட நம் அலுவலக வாழ்க்கைக்கு நெருக்கமானது சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதியது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புதிய வேலையின் தரம் குறைகிறது என்றார் அவர். கவனத்தின் எச்சம் என்று இதைச் சொல்லலாம். மருந்துக்கடை ரசீதுகளைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது மண்டிக்காரரின் இடிக்கும் தொகை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததே, அதுதான். 17 ஃபைல் திறந்திருந்தால் எத்தனை எச்சம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, செய்வது எப்படி? ஒரு பெரிய தாளோ, மேசைக்கு எதிரே உள்ள சுவரோ, அலமாரிக் கதவோ போதும். மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் "வரிசையில்", நடுவில் "கையில்", வலப்பக்கம் "முடிந்தது". ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி, இடப்பக்கம் ஒட்டுங்கள். இடப்பக்கத்தில் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் இருக்கலாம். நடுப்பத்தியில் மூன்றுதான். செயலி வேண்டுமானால் ட்ரெல்லோ போன்றவை இருக்கின்றன. தொடங்குபவர்களுக்கு நான் காகிதத்தையே சொல்வேன், ஏனென்றால் செயலியை மூடிவிட்டால் மறந்துவிடும், சுவரை மூட முடியாது.

ஏன் மூன்று? இது என் அனுபவத்தில் வந்த எண், விதி எதுவும் இல்லை. ஒன்று முக்கியமான வேலை. அது எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் கையை வைக்க இரண்டாவது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் நேரத்துக்குச் சின்னதாக ஒன்று. உங்களுக்கு இரண்டு போதுமானால் இன்னும் நல்லது. ஐந்துக்கு மேல் போனால் வரம்பு வைத்ததற்கே அர்த்தம் இல்லை.

சீட்டில் எழுதும் விதத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "மண்டி கணக்கு" என்று எழுதினால் அது எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. "மண்டி, ஏப்ரல் முதல் ஜூன் வரை பேங்க் ஸ்டேட்மென்ட் டேலியில் ஏற்றி, மீதித்தொகை ஒத்துப்போனதைச் சரிபார்ப்பது" என்று எழுதினால் முடிவு எது என்று சீட்டே சொல்லிவிடும். ஒரு சீட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் இழுக்கும் என்று தோன்றினால் அதை இரண்டாக வெட்டிவிடுங்கள்.

இந்த முறை எனக்குக் கற்றுத்தந்தவற்றில் பெரியது ஒன்று உண்டு. நடுவில் மூன்றே இடம் என்று ஆனதும், ஒரு ஃபைலை அங்கே நகர்த்தும் முன் கை தானாகத் தயங்க ஆரம்பித்தது. இதற்கு வேண்டிய எல்லாக் காகிதமும் வந்துவிட்டதா என்று பார்க்கத் தொடங்கினேன். முன்பெல்லாம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் புளியைத் தேடுகிற மாதிரி, ஃபைலைத் திறந்து பாதி வேலை செய்த பிறகுதான் வட்டிச் சான்றிதழ் இல்லை என்று கண்டுபிடிப்பேன். அந்த 17இல் பெரும்பாலானவை அப்படித் திறந்தவைதான். இப்போது காகிதம் முழுதாக வராத ஃபைல் இடப்பக்கத்திலேயே நிற்கும், என்ன குறைகிறது என்று சீட்டிலேயே எழுதியிருக்கும். ஓனோவின் வழியை விளக்குபவர்கள் நீர்மட்டத்தை உவமையாகச் சொல்வதுண்டு. ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அடியில் உள்ள பாறை தெரியாது, நீர் குறையும்போது ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். என் பாறை இதுதான்.

அப்புறம், எவ்வளவு பார்த்துத் திறந்தாலும் சில வேலைகள் நடுவழியில் இன்னொருவரிடம் போய் நிற்கும். மேலாளரின் கையெழுத்து, வாடிக்கையாளரின் விளக்கம், வங்கியின் பதில். இவற்றை நடுப்பத்தியிலேயே வைத்திருந்தால் மூன்று இடமும் அடைந்துவிடும். அதனால் "காத்திருப்பு" என்று நான்காவது பத்தி ஒன்று போடுங்கள். ஆனால் அதற்கும் வரம்பு கட்டாயம். நான் ஐந்து வைத்திருக்கிறேன். வரம்பு இல்லாவிட்டால் பிடிக்காத வேலையை எல்லாம் ஒளித்துவைக்கும் பரண் ஆகிவிடும் அது. அங்கே போகும் ஒவ்வொரு சீட்டிலும் யாரிடம் நிற்கிறது, எந்தத் தேதியில் மறுபடி கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். ஐந்தும் நிரம்பிவிட்டால் அன்றைய காலை புதிய வேலைக்கு இல்லை, போன் செய்து நினைவூட்டுவதற்கு.

நடுவே அவசரம் வந்தால்? வரும், வராமல் இருக்காது. வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால் "என் வரம்பு நிரம்பிவிட்டது" என்று சொல்ல முடியாது. அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கையில் உள்ள மூன்றில் ஒன்றை உங்கள் கையாலேயே எடுத்து இடப்பக்கம் ஒட்டிவிட்டு எடுங்கள். எங்கே நிறுத்தினோம், அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஆதரவாக இருக்கிறது. முடிக்காத காரியத்துக்கு ஒரு தெளிவான திட்டம் போட்டுவிட்டாலே, அது மனதில் குறுக்கிடுவது குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்த ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகும்.

மேலதிகாரியிடம் பேசுவதுதான் புதியவர்களுக்குப் பெரிய பயம். முடியாது என்று சொன்னால் தவறாக நினைப்பாரோ என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சுவரில் சீட்டு இருந்தால் முடியாது என்ற சொல்லே தேவைப்படாது. "சார், இப்போ கையில இந்த மூணு இருக்கு. இதை உடனே எடுக்கணும்னா எதை நிறுத்தட்டும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டால் போதும். பல சமயம் அவர் சுவரைப் பார்த்துவிட்டு, "சரி, இது வெள்ளிக்கிழமை பார்த்துக்கலாம்" என்பார். நம் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாமே அவசரம் என்று பிடிவாதமாகச் சொல்பவர்களும் உண்டு. அப்போதும் எதை முதலில் செய்வது என்ற முடிவை அவர் வாயால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றும் முட்டிக்கொண்டு நின்று, காத்திருப்பும் நிரம்பி, கை சும்மா இருக்கும் நேரமும் வரும். இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. சும்மா இருப்பது குற்றம் மாதிரித் தோன்றும், கை நான்காவது ஃபைலைத் தேடும். அட்டை வராதபோது இயந்திரத்தை நிறுத்தி வைப்பது டொயோட்டாவின் தொழிலாளர்களுக்கும் எளிதாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் பக்கத்து மேசைக்காரரின் ஒரு வேலையை முடிக்க உதவலாம், கேட்க வேண்டியவர்களுக்குப் போன் போடலாம். புதிதாக ஒன்றைத் திறக்காமல் இருந்தால் சரி.

எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். வரவேற்பு மேசையில் இருப்பவரும், வார்டில் இருக்கும் செவிலியரும், கடைக் கல்லாவில் நிற்பவரும் வருகிறவர்களைத் தடுத்து நிறுத்த முடியாது. அவர்களுடைய வேலை வேறு வகை. ஒரு காரியத்தைத் தொடங்கி, தொடர்ந்து கவனம் வைத்து, ஒரு நாளோ சில நாளோ எடுத்து முடிக்கும் வேலை உள்ளவர்களுக்கே இது.

ஏற்கெனவே என்னைப் போல 17 திறந்து கிடந்தால் ஒரே நாளில் மூன்றுக்கு இறக்க முயலாதீர்கள். முதலில் புதிதாக எதையும் திறப்பதை நிறுத்துங்கள். பிறகு கிடப்பவை அனைத்தையும் சீட்டில் எழுதி, ஒவ்வொன்றும் முடிய இன்னும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று தோராயமாகப் போட்டு, மிகக் குறைவாக மிச்சம் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். கெடு நெருங்கிவிட்ட ஏதாவது இருந்தால் அது மட்டும் முன்னே போகலாம். நான் அப்படி எழுதிப் பார்த்தபோது முதலில் வந்தது ஓய்வு பெற்ற ஆசிரியையின் ஃபைல். அதில் பாக்கி இருந்தது 40 நிமிட வேலை. அது என் மேசையில் 12 நாளாகத் திறந்து கிடந்தது, அந்த அம்மா நான்கு முறை போன் செய்திருந்தார்.